பெட்டியம்மாவுக்குத் தெரிந்த மோகனசுந்தரம்

மோகனசுந்தரத்துக்கு முதுகு பிடித்துக்கொண்டது ஒரு தும்மலில். மூட்டை தூக்கினேன், மாடிப்படியில் உருண்டேன் என்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்ள அவருக்கும் ஆசைதான். நடந்தது என்னவோ இவ்வளவுதான்: காலையில் வேலைக்குக் கிளம்பும்போது செருப்பு மாட்டக் குனிந்தார், குனிந்த வாக்கிலேயே தும்மினார், அப்புறம் நிமிர முடியவில்லை.

கோயம்புத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் அவர் தரம் பார்க்கும் மேலாளர். ஓடுகிற பம்பைக் காது கொடுத்துக் கேட்டு, "இது ஆகாது, திருப்பி அனுப்பு" என்று சொல்லிவிட்டால் மேலே முதலாளியே ஆனாலும் மறுபேச்சு கிடையாது. அப்பேர்ப்பட்டவர் வாசலில் ஒரு கால் செருப்போடு, தரையைப் பார்த்தபடி, "கோகிலா! செத்தேன்டி!" என்று அலறினார்.

கோகிலவாணி பின்கட்டிலிருந்து ஓடிவந்தாள். கையில் இட்லி மாவு வாளி. மூன்று தெருவுக்கு மாவு அரைத்துக் கொடுப்பவள் அவள். அந்தக் காலத்தில் அரைக்க, கலக்க, பையில் அடைக்க எல்லாவற்றுக்கும் இயந்திரம் வந்திருந்தது. அந்த இயந்திரங்களைக் கழுவத்தான் இன்னும் யாரும் இயந்திரம் கண்டுபிடித்திருக்கவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டுப் புருஷனைத் தாங்கிப் பிடித்து, அவருடைய எடையெல்லாம் தன் தோளில் விழ, கட்டில்வரை கொண்டுபோய்ச் சேர்த்தாள். சேர்த்துவிட்டுச் சுவரைப் பிடித்தபடி கொஞ்சம் நின்றாள். பிறகு போய் வாளியைத் தூக்கினாள்.

முதுகுவலி என்று போனால் முதுகைப் பார்த்து வைத்தியம் செய்யும் வழக்கம் அப்போது வழக்கொழிந்துவிட்டது. அவர்கள் போன முதுகு நிலையத்தில் டாக்டர் யாழினி இதை விளக்கினாள். முப்பது வயசு இருக்கும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு பேருடைய ஸ்கேன் படங்களைத் திரையில் போட்டாள்.

"ரெண்டையும் பாருங்க சார். ரெண்டு பேருக்கும் ஒரே இடத்துல, ஒரே அளவு தட்டு விலகியிருக்கு. இவர் தினமும் தென்னை மரம் ஏறிட்டு இருக்கார். இவர் மூணு மாசமா கட்டிலை விட்டு இறங்கலை. அப்ப வித்தியாசம் எங்க இருக்கு?"

மோகனசுந்தரம் மனைவியைப் பார்த்தார்.

"மனசுலயாங்க?" என்றாள் கோகிலவாணி.

"அதேதான். வலி வந்தா ஆள் என்ன செய்யறார்ங்கறதை வெச்சு மூணு வகையாப் பிரிச்சிடறோம். வலிக்குப் பயந்து அசையவே மாட்டேங்கறவங்க ஒரு வகை. எங்க நர்ஸுங்க அவங்களுக்குத் தொட்டாற்சிணுங்கின்னு பேர் வெச்சிருக்காங்க. அவங்களை விரட்டி விரட்டி வேலை செய்ய வெச்சாத்தான் சரியாகும். ரெண்டாவது, வலியை வெளிய சொல்லாம, பல்லைக் கடிச்சிட்டு மேல மேல உழைக்கறவங்க. சுமைதாங்கி. அவங்களைக் கட்டாயமா உட்கார வைக்கணும். மூணாவது நாணல். வளையும், நிமிரும். ரெண்டு மாத்திரை, வீட்டுக்குப் போகலாம்."

"யாரு எந்த வகைன்னு எப்படிங்க கண்டுபுடிப்பீங்க?"

"நான் கண்டுபிடிக்க மாட்டேன்மா. டாக்டர்கிட்ட எல்லாரும் பொய் சொல்லுவாங்க. அதுக்குன்னு தனி அறை இருக்கு."

அந்த அறையில் சுவரோடு சுவராக ஒரு பழுப்பு நிறப் பெட்டி. உள்ளேயிருந்து அடக்கமான ஒரு பெண் குரல் நல்ல தமிழில் பேசும். கேள்வி கேட்கும், பதிலைக் கேட்டுக்கொள்ளும், சொன்ன வார்த்தையோடு சொல்லும்போது குரல் எங்கே இறங்கியது, எங்கே மூச்சு நின்றது என்பதையும் சேர்த்து எடைபோடும். ஊரில் அதற்குப் பெட்டியம்மா என்று பெயர். பேச்சு நடக்கும்போது உள்ளே டாக்டருக்கே அனுமதி இல்லை. முதுகு பிடித்தவர் தனியாக உட்கார்ந்து எழ முடியாது என்பதால், துணைக்கு ஒருவர் மட்டும் போகலாம்.

மோகனசுந்தரத்தை நாற்காலியில் உட்கார்த்தி, பக்கத்தில் கோகிலவாணி உட்கார்ந்தாள்.

"வணக்கம் மோகனசுந்தரம். உங்கள் வலி எப்படித் தொடங்கியது?"

மோகனசுந்தரம் இடப்பக்கம் திரும்பினார்.

இதில் அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நம் பக்கத்தில் டாக்டரிடம் உடம்பைக் கொண்டுபோவதுதான் புருஷன் வேலை. அந்த உடம்புக்கு என்ன கோளாறு என்று சொல்வது பெண்டாட்டி வேலை. எத்தனை நாளாகக் காய்ச்சல், சாப்பாடு எப்படி, வயிறு போனதா போகவில்லையா என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். கல்யாணம் ஆன நாளிலிருந்து மோகனசுந்தரம் எந்த டாக்டருக்கும் வாயைத் திறந்து பதில் சொன்னதில்லை. நாக்கை நீட்டுங்கள் என்றால்கூட மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் நீட்டுவார்.

"தும்முனதுல புடிச்சுட்டதுங்க" என்றாள் கோகிலவாணி.

"அதற்கு முன்பே வலி இருந்ததா?"

"இருந்துச்சுங்க. அது இருக்குது ரொம்ப வருசமா." இதைச் சொல்லும்போது அவள் குரல் ஒரு படி இறங்கியது.

"வலி வரும்போது என்ன செய்வீர்கள்?"

"என்னத்தப் பண்றதுங்க? நோவுதுன்னு வேலை நிக்குமா? பல்லைக் கடிச்சுட்டுச் செஞ்சு முடிக்க வேண்டியதுதானுங்க."

"வீட்டில் யாரிடமாவது சொல்வீர்களா?"

"சொல்லி என்னங்க ஆகப் போகுது..."

பெட்டியம்மா அவசரப்படவில்லை. கேட்டது, காத்திருந்தது, மறுபடி கேட்டது. கோகிலவாணியை வாழ்க்கையில் யாரும் இத்தனை பொறுமையாக ஒன்றைக் கேட்டதில்லை. புருஷனுடைய முதுகைப் பற்றி ஆரம்பித்தவள் எந்த இடத்தில் தடம் மாறினாள் என்று அவளுக்கே தெரியாது. மோகனசுந்தரத்துக்கும் தெரியாது. ஏனென்றால் அவர் கேட்கவே இல்லை. எதிர்ச்சுவரில் தொங்கிய முதுகெலும்புப் படத்தில் எலும்புகளை எண்ணிக்கொண்டிருந்தார். நடுவே இரண்டு தடவை "உம்" என்றார், ஒரு தடவை கொட்டாவி விட்டார்.

வெளியே வந்ததும் டாக்டர் யாழினி எழுந்து நின்றே விட்டாள்.

"சார், நீங்க சுமைதாங்கி! அதுலயும் சாதாரண சுமைதாங்கி இல்லை. இவ்வளவு வலியை இத்தனை வருஷம் மறைச்சிருக்கீங்களே, எப்படி சார் முடிஞ்சது?"

மோகனசுந்தரத்துக்கே இது புதிய செய்திதான். ஆனால் நல்ல செய்தியை யாராவது வேண்டாம் என்பார்களா? நெஞ்சை நிமிர்த்தினார், நிமிர்த்தியதும் சுருக்கென்றது. "நான் எதையும் வெளிய சொல்றதில்லீங்க" என்றார்.

"அப்படிங்களா" என்றாள் கோகிலவாணி. அவ்வளவுதான் சொன்னாள்.

அந்த ஊரில் சுமைதாங்கி என்பது அப்போது ஒரு கௌரவம். கல்யாணப் பத்திரிகையில் அப்பாமார் பெயருக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்ளும் அளவுக்குப் போயிருந்தது. பெண் வீட்டார் ஜாதகத்தை மூடி வைத்துவிட்டு, மாப்பிள்ளையின் அப்பா என்ன வகை என்று விசாரித்தார்கள். விசேஷம் என்னவென்றால், மற்ற ஊர்களில் அரிதாகக் கிடைக்கும் சுமைதாங்கிகள் இங்கே ஆண்களில் கொட்டிக் கிடந்தார்கள். கல்யாணமான ஆண்களில் முக்கால்வாசிப் பேர் சுமைதாங்கி. பிரம்மச்சாரிகளும் மனைவியை இழந்தவர்களும் மட்டும் ஏனோ தொட்டாற்சிணுங்கியாகவே தேறினார்கள். டாக்டர் யாழினி இதை ஆராய்ந்து, இல்லறம் ஆணுக்குப் பொறுமையைக் கற்றுத் தருகிறது என்று கட்டுரை எழுதி, வெளிநாட்டு மாநாட்டில் வாசித்துக் கைதட்டலும் வாங்கி வந்திருந்தாள். ஊரில் சுமைதாங்கி ஆடவர் சங்கம் என்று ஒன்று தொடங்கி, பேருந்து நிறுத்தத்தில் பெரிய பேனர் வைத்திருந்தார்கள். படுத்தபடியே எடுத்த படங்கள்.

சுமைதாங்கிக்குச் சிகிச்சை ஓய்வுதான். மோகனசுந்தரத்தின் இடுப்பில் மெல்லிய பட்டை ஒன்றைக் கட்டி அனுப்பினார்கள். குனிந்தால், கனமாக எதையாவது தூக்கினால், ரொம்ப நேரம் நின்றால் அது அதட்டும்: "போதும். உட்காருங்கள்." வீட்டு வேலை எதையும் இவர் செய்யக் கூடாது, எல்லாவற்றையும் மற்றவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் கோகிலவாணியிடம் கண்டிப்பாகச் சொன்னாள். கோகிலவாணி தலையாட்டினாள். அதுவரை அவர் செய்துவந்த வீட்டு வேலை குப்பைக்கூடையைத் தெருமுனைக்குக் கொண்டுபோவது ஒன்றுதான். அன்றிலிருந்து அதுவும் அவளுடையது.

இப்படி ஒரு வைத்தியம் உலகத்தில் இருக்கிறது என்பதே மோகனசுந்தரத்துக்கு ஆனந்தமாக இருந்தது. படுத்தார். தண்ணீர் கேட்டால் வந்தது. தலையணையைத் தூக்கி வைக்கச் சொன்னால் தூக்கி வைக்கப்பட்டது. உண்மையைச் சொன்னால் அவர் சின்ன வயசிலிருந்தே வலிக்கு நடுங்குகிறவர். அசைந்தால் ஏதாவது உள்ளே முறிந்துவிடுமோ என்ற பயம் ராத்திரி பகல் அவரை அரித்துக்கொண்டிருந்தது. அசையாதே என்று ஒருவர் சொன்னதும் அந்தப் பயத்துக்கு மரியாதை வந்துவிட்டது.

ஒருநாள் குளிக்கப் போகும்போது பட்டையைக் கழற்றிக் கட்டிலில் போட்டார். தொலைந்துவிடப் போகிறது என்று கோகிலவாணி அதை எடுத்துத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். பட்டை கத்த ஆரம்பித்தது. "போதும். உட்காருங்கள். போதும். உட்காருங்கள்." குளியலறைக்குள்ளே இருந்த மோகனசுந்தரத்துக்கே கேட்டது. மாவைப் பையில் அடைத்து, கிரைண்டர் கல்லைக் கழுவி, ஈரத் துணியைப் பிழிந்து காயப்போட்டு வரும்வரை அது வாயே மூடவில்லை.

"ஏனுங்க, இந்தப் பட்டை கெட்டுப் போச்சுங்க" என்று கதவைத் தட்டிச் சொன்னாள். கழற்றி ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள். மறுபடி அவர் கட்டிக்கொண்டதும் பட்டை சமர்த்தாக இருந்தது.

ஆறு வாரம் கழித்து டாக்டர் பரிசோதித்தபோது மோகனசுந்தரத்தின் முதுகு முன்னைவிட மோசம். தசையெல்லாம் மரத்துப்போய், திரும்பிப் படுக்கவே ஆள் வேண்டியிருந்தது. யாழினி ரொம்ப நேரம் திரையைப் பார்த்தாள்.

"எனக்கு ஒரே ஒரு காரணம்தான் தெரியுது சார். சுமைதாங்கிக்கு ஓய்வு கொடுத்தா ஆறு வாரத்துல தேறியே ஆகணும். தேறலைன்னா கோளாறு எலும்புலதான். கீழ் முதுகுல ஒரு தகடும் ரெண்டு ஸ்க்ரூவும் வெச்சிடலாம்."

மோகனசுந்தரத்துக்குக் காதில் ங்கொய் என்றது. ஸ்க்ரூ, தகடு எல்லாம் அவர் பம்புக்கு வைக்கிற சாமான். சரியாக உட்காராத ஸ்க்ரூவுக்காக எத்தனை பம்புகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். தன்னை யார் திருப்பி எடுத்துக்கொள்வார்கள்?

"வேண்டாம்னு சொல்லலாமுங்களா?" என்று மனைவியின் காதில் கேட்டார்.

"வேண்டாம்னு சொல்லலாமுங்களா?" என்று அவள் டாக்டரிடம் கேட்டாள்.

"சொல்லலாம். அப்பறம் எழுந்து நடக்கறது கஷ்டம்."

நாள் குறித்தார்கள். அதற்கு முதல் நாள் பெட்டியம்மாவிடம் கடைசியாக ஒருமுறை பேச வேண்டும். அது சம்மதித்தால்தான் கத்தி. வீட்டுக்கு வந்த மோகனசுந்தரம் சாப்பிடவில்லை. பயத்தில் அழுதார், வெட்கமில்லாமல் அழுதார். கோகிலவாணி தலைமாட்டில் உட்கார்ந்து நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

பெட்டியம்மாவிடம் போக வேண்டிய நாள் காலையில் அவர் சட்டை போட்டுக்கொண்டு காத்திருந்தார். அவள் வரவில்லை. அடுக்களையில் எட்டிப் பார்த்தால், மாவு வாளிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் வேர்வை.

"என்ன புள்ள, நேரமாச்சு."

"ஒண்ணுமில்லீங்க. சித்த நேரம் உக்காந்தா சரியாப் போயிரும். நீங்க வண்டியக் கூப்புட்டுப் போயிட்டு வந்துருங்க."

"நான் எப்படித் தனியாப் போறது?"

இந்த இடத்தில் மோகனசுந்தரத்தைக் கொஞ்சம் நல்லவராகக் காட்ட எனக்கும் ஆசைதான். ஆனால் பெண்டாட்டி தரையில் கிடக்கிறாளே என்று அப்போது அவருக்குத் தோன்றவில்லை. கேள்விக்கு யார் பதில் சொல்வது என்றுதான் தோன்றியது. வண்டிக்காரர் தோளைப் பிடித்தபடி, கோபித்துக்கொண்டே போனார்.

பெட்டியம்மாவின் அறையில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் உட்கார்ந்தார். இன்னொன்று காலியாக இருந்தது.

"வணக்கம்" என்றது பெட்டியம்மா.

"வணக்கமுங்க."

"நீங்கள் துணைக்கு வருபவர்தானே? மோகனசுந்தரம் எங்கே?"

"நான்தானுங்க மோகனசுந்தரம்."

"இல்லை. மோகனசுந்தரத்தின் குரலை எனக்கு நன்றாகத் தெரியும். உங்கள் குரலும் தெரியும். நடுநடுவே 'உம்' என்பீர்கள். ஒருமுறை கொட்டாவி விட்டீர்கள்."

மோகனசுந்தரம் பழக்கத்தில் இடப்பக்கம் திரும்பினார். காலி நாற்காலி எதுவும் சொல்லவில்லை.

"நாளைக்கு அவருக்கு அறுவை சிகிச்சை. அவரைக் கேட்காமல் நான் சம்மதம் தர முடியாது."

"அப்ப ஆப்பரேஷன் இல்லீங்களா?" அவருக்கு உயிர் வந்தது.

"அவர் வந்தால் உண்டு. அவர் உடம்புக்கு ஏதும் இல்லையே? போன முறை குரல் மிகவும் களைத்திருந்தது. நான் கவலைப்பட்டேன்."

பம்பின் சத்தத்தை வைத்தே உள்ளே என்ன தேய்ந்திருக்கிறது என்று சொல்லக்கூடிய மனுஷர் அவர். இங்கே ஏதோ ஒன்று பிசகுகிறது என்று அப்போதுதான் உறைத்தது.

"அந்த மோகனசுந்தரம் உங்ககிட்ட என்ன சொன்னாரு?"

"அதை அவரிடம் மட்டும்தான் சொல்வேன்."

மோகனசுந்தரம் கையை நீட்டி, பெயர் பதியும்போது ரேகை கொடுத்த கட்டைவிரலைப் பெட்டியின் மேல் அழுத்தினார். பெட்டி சற்று யோசித்தது. "ரேகை அவருடையதுதான். குரல்தான் இல்லை" என்றது. "ரேகைக்கு உரியவர் கேட்டால் தர வேண்டும் என்பது விதி. கேளுங்கள்."

அறைக்குள் கோகிலவாணியின் குரல் கேட்டது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் காதுக்கு எட்டும்படி அவள் ஏற்கெனவே பேசிய பேச்சுதான். அவர் அதை இப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டார்.

"...பையன் பொறந்த வருசத்துல ஆரம்பிச்சுதுங்க. அப்பறம் விடவே இல்ல. காலையில செவுத்தப் புடிச்சுட்டுத்தான் எந்திரிக்கறது. எந்திரிச்சுட்டா ஓட்டத்துல தெரியாதுங்க... வாளியத் தூக்கறப்ப கண்ணு இருட்டும். கொஞ்சம் நின்னா சரியாப் போயிரும்... படுத்தா வலி ஜாஸ்திங்க. அதனால தூங்கறதில்ல. வீட்டுல மத்தவங்க தூக்கம் கெட்டுப் போயிருமுன்னு அசையாமப் படுத்துட்டு இருக்கறது... சொல்லலாமுங்க. ஆனா சொன்னா அவங்க பயந்துக்குவாங்க..."

மோகனசுந்தரம் இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷம் அவர் பக்கத்தில் ஒருத்தி அசையாமல் படுத்திருந்திருக்கிறாள். நல்லாத் தூங்குறா, கொடுத்து வெச்சவ என்று அவர் பொறாமைப்பட்டிருக்கிறார். வெட்கமாக இருந்தது. ஃபிரிட்ஜ் மேல் வைத்த பட்டை நினைவுக்கு வந்தது.

"டாக்டரக் கூப்புடுங்க" என்றார்.

யாழினி வந்து முழுவதையும் கேட்டாள். பாதியிலேயே காலி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இந்தப் பெட்டியைச் செஞ்ச ஊர்ல நோயாளி தனியாத்தான் உள்ள போவார் சார். துணைக்கு ஒருத்தர் போகலாம்ங்கறது நாங்க சேர்த்தது. ரெண்டு குரல் கேட்டா, நிறையப் பேசறவர்தான் நோயாளின்னு அது எடுத்துக்கிட்டிருக்கு."

"ஆம்பள கொரலு எது, பொம்பள கொரலு எதுன்னு தெரியாதுங்களா அதுக்கு?"

"குரலை வெச்சு ஆணா பெண்ணான்னு முடிவு பண்ணக் கூடாதுன்னு கண்டிச்சு வளர்த்திருக்காங்க சார்."

மோகனசுந்தரம் மெதுவாகக் கேட்டார்: "அப்ப இந்த ஊர்ல இருக்கற சுமைதாங்கிங்க எல்லாம்?"

"சம்சாரங்க" என்றாள் யாழினி.

"அந்தச் சங்கத் தலைவருங்க?"

"அவர் சம்சாரம் நல்லாப் பேசுவாங்க சார்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அவளைப் பார்த்ததும் நின்றுவிட்டது. கட்டுரையும் கைதட்டலும் அவள் முகத்தில் வந்து போயின. அதைவிடப் பெரிய ஒன்றும் வந்தது.

"எத்தனை பேருக்குக் கத்தி வெச்சிருக்கீங்க, கண்ணு?" என்று கேட்டார். டாக்டர் என்று சொல்ல வாய் வரவில்லை.

"எடுத்துப் பார்க்கணும் சார்" என்றாள். "ஒவ்வொருத்தரையா கூப்பிட்டு நானே சொல்லணும். கட்டுரையையும் திருப்பி வாங்கணும்." பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு டாக்டர் ஆனாள். "உங்களுக்கு ஆப்பரேஷன் தேவையில்லை. ஓய்வுதான் உங்களைக் கெடுத்திருக்கு. நீங்க அசல் தொட்டாற்சிணுங்கி சார். நாளையிலிருந்து எழுந்து வேலை செய்யணும். பெருக்கணும், துடைக்கணும், பாத்திரம் கழுவணும். கொஞ்சம் கொஞ்சமா கனம் தூக்கணும். ஐயோன்னு கத்தினாலும் நிறுத்தக் கூடாது."

"கோகிலாவுக்குங்க?"

"அவங்க எதுவும் செய்யக் கூடாது."

இரண்டு மருந்துச் சீட்டும் ஒன்றுக்கொன்று பொருந்துவதை மோகனசுந்தரம் கவனித்தார். அவருக்கு வேறு வழி இருக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது கோகிலவாணி எழுந்து மேடையைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். வாளி அதே இடத்தில் இருந்தது.

"என்னுங்க சொன்னாங்க? நாளைக்கா?" அவள் கண் அழுது சிவந்திருந்தது. அவருக்கு நடக்கப் போகிற ஆப்பரேஷனுக்காக அழுதிருக்கிறாள்.

அவர் தன் இடுப்பிலிருந்த பட்டையைக் கழற்றி அவள் இடுப்பில் கட்டினார். அது உடனே கத்தியது. "கெட்டுப் போனது திரும்பவும் கத்துது பாருங்க" என்றாள் அவள்.

"அது கெட்டுப் போகலை புள்ள" என்று சொல்லிவிட்டு, குனிந்து வாளியைப் பிடித்தார். தூக்கினால் முதுகு இரண்டாக முறியும் என்று நிச்சயமாக நம்பினார். கண்ணை மூடிக்கொண்டு தூக்கினார். வலித்தது, நன்றாகவே வலித்தது. முறியவில்லை. அவள் "ஐயோ, வையுங்க, வையுங்க" என்று அடித்துக்கொண்டாள், அதற்கு மேல் பட்டை கத்தியது, அதற்கு மேல் அவர் கத்தினார். மூன்று தெருவுக்கும் அன்று மாவு தாமதமாகத்தான் போயிற்று.

அடுத்த வாரம் அவளை நிலையத்துக்குக் கூட்டிப்போனார். டாக்டர் அவள் பெயரில் புதிதாகப் பதிந்து, அவள் குரல் எது என்று பெட்டியம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். கோகிலவாணி நோயாளியின் நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தாள்.

"வணக்கம் கோகிலவாணி. உங்களுக்கு வலி எங்கே?"

"எனக்கென்னுங்க? நல்லா இருக்கறனுங்க. இவருக்குத்தான்..."

"அவரை விடுங்கள். காலையில் எழும்போது எப்படி இருக்கிறது?"

"ஒண்ணுமில்லீங்க."

"கனம் தூக்கும்போது?"

"அதெல்லாம் பழக்கமுங்க. ஒண்ணுமில்லீங்க."

எப்படிச் சுற்றி வளைத்துக் கேட்டாலும் ஒண்ணுமில்லீங்கதான். மோகனசுந்தரம் நாற்காலியில் நெளிந்தார். பதில் எல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் துணையாள் வாயைத் திறக்கக் கூடாது என்று டாக்டர் புதிதாகச் சட்டம் போட்டிருந்தாள். கடைசியில் பெட்டியம்மா, "கோகிலவாணிக்கு நோய் இல்லை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது.

"பழைய பேச்சையே இவ பேருக்கு மாத்திக்க முடியாதுங்களா?" என்று வெளியே வந்து கேட்டார் மோகனசுந்தரம்.

"அவங்களா அவங்களுக்குன்னு சொல்லாத வலிக்கு நான் எப்படி சார் வைத்தியம் பண்றது?" என்றாள் யாழினி. "ஒருதடவை பெட்டியை நம்பிப் பட்டது போதும்."

கோகிலவாணி அதற்குள் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். போய்க் கிரைண்டர் போட வேண்டும். அவள் நடக்கும்போது கை தானாகச் சுவரைத் தேடுவதை மோகனசுந்தரம் பார்த்தார். இவளை இப்படியே வீட்டுக்குக் கூட்டிப்போனால் திரும்ப இங்கே கொண்டுவர முடியாது என்று அவருக்குப் பயம் வந்தது. வலிக்குப் பயந்து பழக்கப்பட்டவர்தான். ஆனால் இன்னொருத்தர் வலிக்குப் பயந்தது அதுதான் முதல் தடவை.

"கண்ணு, நாங்க பழையபடி ஒருக்கா உள்ள போறோம். நீங்க தப்பா நெனைக்காம, வெளிய நின்னு காதுல மட்டும் வாங்கிக்குங்க" என்றார் டாக்டரிடம். பிறகு மனைவியிடம், "எனக்கு இன்னொருக்கா வரச் சொல்லுது புள்ள. கூட வா" என்றார்.

இவருக்கு என்றதும் அவள் மறுபேச்சுப் பேசாமல் வந்தாள்.

நோயாளியின் நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். டாக்டர் வெளியே நின்று ஏதோ ஒரு பொத்தானை அழுத்த, பெட்டியம்மா பழைய கணக்கைத் திறந்தது.

"வணக்கம் மோகனசுந்தரம். நீங்கள் வரவில்லையே என்று இருந்தேன். முதுகு எப்படி இருக்கிறது?"

மோகனசுந்தரம் இடப்பக்கம் திரும்பினார்.

"அப்படியேதானுங்க இருக்குது" என்றாள் கோகிலவாணி. "போன வாரம் வாளியத் தூக்கறப்ப கீழ உக்காந்தாச்சுங்க. எந்திரிக்க முடியல. செத்துப் போயிருவமோன்னு பயமாப் போச்சுங்க."

எதிர்ச்சுவரில் முதுகெலும்புப் படம் அங்கேயேதான் தொங்கியது. மோகனசுந்தரம் அதைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சொல்லச் சொல்ல ஒரு வார்த்தையையும் விடாமல் கேட்டார். எந்தக் கால் மரத்துப்போகும், எந்தப் பக்கம் படுத்தால் தாங்கும், மழைக்காலத்தில் எப்படி இருக்கும் எல்லாம் கேட்டார். கதவுக்கு வெளியே யாழினியும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு வலி என்று வீட்டில் யாருக்காவது தெரியுமா?" என்றது பெட்டியம்மா.

எதற்கும் பதில் வைத்திருக்கும் கோகிலவாணி இதற்குத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"தெரியாதுங்க" என்றார் மோகனசுந்தரம். "இத்தன நாளாத் தெரியாதுங்க. இப்பத் தெரியுமுங்க."

பெட்டியம்மா கேட்டது: "உங்களுக்குப் பதிலாகப் பேசுவது யார்?"

கோகிலவாணி திரும்பி அவரைப் பார்த்தாள். அவருடைய கண் நிறைந்திருந்ததையும், இது தனக்காக நடக்கும் நாடகம் என்பதையும் அப்போதுதான் கண்டுகொண்டாள். கோபித்துக்கொள்வாளோ என்று அவர் பயந்தார். அவள் கையை நீட்டி அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

"அவரு எங்கூடத் துணைக்கு வந்திருக்கறவருங்க" என்றாள். "நீங்க என்னையக் கேளுங்க."